பின்னால் போன அரையடி

ஷார்ஜா ரோலாவில் எனக்கு ஒரு சூட்கேஸ் கடை இருக்கிறது. லீவில் ஊருக்குப் போகிறவர்கள் வாங்கும் பெட்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனாலும் என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் கராத்தே மாஸ்டர் என்றுதான் வாயில் முதலில் வரும். மனைவி பக்கத்தில் இருந்தால் மட்டும் சூட்கேஸ் என்பேன். ஞாயிறு காலையில், ஒரு டெய்லர் கடைக்கு மேலே உள்ள ஹாலில் பதினாலு பேருக்குச் சொல்லித்தருகிறேன். ஒருவர் ஏசி மெக்கானிக், ஒருவர் லாண்டரிக்காரர், மூன்று பேர் லேபர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வரும் சிவகங்கைக்காரர்கள். எல்லாருக்கும் தொப்பை உண்டு. என்னுடையதுதான் சீனியர்.

ஹால் சுவரில் நானே வரைந்த ஒரு சார்ட் தொங்குகிறது. உச்சியில் ஒகினாவா தீவு. அங்கே பக்கத்துப் பக்கத்தில் ஷுரி, நஹா, தொமாரி என்று மூன்று ஊர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒரு சண்டைமுறை வைத்திருந்தது. பெயருக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பெயரோடு 'தே' என்று சேர்த்துவிட்டார்கள். தே என்றால் கை. ஷுரிக்காரர்களின் கை ஷுரி-தே, நஹாக்காரர்களின் கை நஹா-தே. நம் பக்கம் பிரியாணிக்குப் பெயர் வைக்கிற மாதிரிதான். பிறகு சீனாவுக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்து கலந்தது, குருவிடம் கோபித்துக்கொண்டு சீடர்கள் பிரிந்தது என்று கோஜு, உயேச்சி, ஷோரின் எல்லாம் கிளைவிட்டன. அத்தனையும் கலர் பேனாவில் போட்டிருக்கிறேன். ஷோரினிலிருந்து ஒரு புள்ளிக்கோடு இறங்கும். அதன் நுனியில் எங்கள் மாஸ்டர். அவருக்குக் கீழே நான்.

புள்ளிக்கோடு ஏனென்றால், மாஸ்டர் யாரிடம் கற்றார் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால் ஒரு கப்பல்காரர் என்பார். எந்தக் கப்பல் என்று கேட்டால் நூறு தண்டால். ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு ஐஸ் ஃபாக்டரியில் அவருக்கு வேலை. அதன் பின்பக்க ஷெட்டில்தான் எங்களுக்கு வகுப்பு. தரை எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும். அவர் மௌத்தாகி அடக்கம் நடந்தபோது நான் இங்கே விசா மாற்றிக்கொண்டிருந்தேன், போக முடியவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்தப் புள்ளிக்கோட்டை ஒருநாள் முழுக்கோடாக்கிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

போன வருடம் அதற்கு வழி பிறந்தது. துபாயில் ஷோரின் வகுப்பு நடத்தும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், ஜப்பானில் பல வருடம் இருந்தவர். அவருடைய ஆசான், எழுபதைத் தாண்டிய ஒகினாவாப் பெரியவர், வருகிறாராம். எங்கள் வகுப்பையும் பார்ப்பாராம். பிடித்திருந்தால் தன் பரம்பரையில் சேர்த்துக்கொண்டு எனக்குக் கறுப்புப் பட்டையில் ஒரு நிலையும் தருவாராம். அன்று நான் இரண்டு சூட்கேஸ்களுக்குப் பூட்டு வைக்காமலேயே விற்றுவிட்டேன்.

அவருக்குக் காட்ட நைஹாஞ்சியைத் தேர்ந்தெடுத்தேன். அது ஒரு கட்டா, அதாவது இல்லாத எதிரிகளோடு தனியாகப் போடும் சண்டை. நைஹாஞ்சி முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது, நண்டு போலப் பக்கவாட்டிலேயே போகும். ஆனால் எங்கள் வழியில் மட்டும் இடப்பக்கம் மூன்றாவது எட்டில் கால் அரையடி பின்னால் போய்விட்டு வரும். எந்த வீடியோவிலும் இது கிடையாது. கிடையாது என்பதுதான் எனக்குப் பெருமை. ஒகினாவாவிலேயே தொலைந்துபோன ரகசியம் நம்மிடம் தப்பியிருக்கிறது என்று வகுப்பில் அளந்திருக்கிறேன். எதிரி காலை வாரினால் தப்பிப்பது, வரும் கத்திக்கு வழிவிடுவது, மூச்சைத் தொப்புளுக்குக் கீழே இறக்குவது என்று மூன்று விளக்கங்கள் வைத்திருந்தேன். மூன்றாவது எனக்கே புரியாது. ஏசி மெக்கானிக் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பெரியவர் கேட்டால் மாஸ்டரின் வாய்வார்த்தையாகவே சொல்லலாம் என்று ரியாத்தில் பத்தா கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருக்கும் காக்காவுக்குப் போன் போட்டேன். மாஸ்டரிடம் எனக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவர், அதனால் எனக்குக் காக்கா, அதாவது அண்ணன். அந்த அரையடிக்கு மாஸ்டர் என்ன அர்த்தம் சொன்னார் என்று கேட்டேன். காக்கா சிரித்த சிரிப்பில் போன் சூடாகிவிட்டது.

"தம்பி, அங்கன ஐஸ் ஒடைக்கிற மெஷின் நின்னுச்சுடா. மூணாவது எட்டு வச்சா முட்டி போயி அதுலதான் இடிக்கும். அதான் காலைப் பின்னால வச்சுட்டு வரச் சொன்னாக. நீ சேர்றதுக்கு முன்னாடியே மெஷினைத் தூக்கிட்டாக."

மெஷின் போய்விட்டது, அரையடி மட்டும் எங்கள் காலோடு கடல் தாண்டி வந்துவிட்டது.

ஞாயிறன்று, இனிமேல் காலைப் பின்னால் வைக்க வேண்டாம், இது இன்னும் உயர்ந்த நிலை என்று கூசாமல் சொன்னேன். அப்படியென்றால் கத்தி வந்தால் என்ன செய்வது என்று ஒரு சிவகங்கைக்காரர் கவலையோடு கேட்டார். வரிசையில் நில்லுங்கள் என்று கையைத் தட்டினேன்.

பெரியவர் வந்தார். ஒல்லியான, சின்ன உருவம். பதினாலு பேரும் வரிசையாக நின்று ஆரம்பித்தார்கள். வலப்பக்கம் அழகாகப் போனது. இடப்பக்கம் மூன்றாவது எட்டில் ஏழு பேருக்கு நான் புதிதாகச் சொன்னது நினைவு வந்தது, ஏழு பேருக்கு வரவில்லை. மோதிய வேகத்தில் லாண்டரிக்காரர் ஏசி மெக்கானிக்கின் மடியில் உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். இந்த அரையடி எங்கிருந்து வந்தது என்று கேட்பதாக யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னார். மூன்று விளக்கங்களும் தொண்டைவரை வந்து நின்றன. பார்த்தால் ஏசி மெக்கானிக் நோட்டும் பேனாவுமாகத் தயாராக இருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு பொய் சொல்ல வரவில்லை. ஐஸ் மெஷின் என்றேன். முழுக் கதையையும் சொன்னேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. மெஷின் எவ்வளவு உயரம் என்று கேட்டார். முட்டிக்கு மேலே கையை வைத்துக் காட்டினேன். அவர் என் இடப்பக்கம் வந்து மெஷின் இருந்திருக்கக்கூடிய இடத்தில் குந்திக்கொண்டு, செய் என்று தலையசைத்தார். செய்தேன். மூன்றாவது எட்டில் என் கால் தானாகப் பின்னால் போய் அவரைச் சுற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் சிரித்தார்.

பிறகு படிவம் வந்தது. யாரிடம் கற்றீர்கள் என்ற கேள்விக்கு ஒரே ஒரு கட்டம். யாழ்ப்பாணத்துக்காரர் என் காதருகே குனிந்தார்.

"அண்ணை, என்ர பேரை எழுதுங்கோ. அவருக்குக் கீழ நான், எனக்குக் கீழ நீங்கள். கோடு நேராப் போயிடும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் பெயரை எழுதினால் அன்றைக்கே எனக்கு முழுக்கோடு. மாஸ்டர் மட்டும் சார்ட்டில் மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் தனியே நிற்பார். மௌத்துக்கும் போகாதவன் இதையும் செய்வதா? மாஸ்டரின் பெயரையே எழுதினேன். முழுசாக, அவருடைய வாப்பா பெயரோடு சேர்த்து.

பெரியவர் படித்தார், படிவத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். தெரியாத ஒரு ஆசானுக்குத் தான் பொறுப்பேற்க முடியாது, அதனால் நிலை கிடையாது, காலைச் சரிசெய்துவிட்டு அடுத்த வருடம் காட்டு என்று தீர்ப்பு. எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அவர் கிளம்பவில்லை. சார்ட்டின் முன்னால் போய் நின்று மேலிருந்து கீழே விரலால் வந்தார். புள்ளிக்கோட்டில் விரல் நின்றது. பேனா வாங்கி, அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் பொறுமையாக ஏதோ எழுதினார்.

"ஐஸ் ஃபாக்டரி-தே எண்டு எழுதியிருக்கிறார் அண்ணை," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். "தங்கட ஊரிலயும் இடத்தின்ர பேரைத்தான் வச்சவையாம்."

கோடு முழுசாகிவிட்டதா என்று வீட்டில் மனைவி கேட்டாள். புள்ளிதான் என்றேன். சூட்கேஸ் கடை இருக்கிறதே என்று டீ போட்டுக் கொடுத்தாள்.

சார்ட்டைப் படமெடுத்துப் பத்தாவுக்கு அனுப்பினேன். பிறகு காக்காவே கூப்பிட்டார்.

"மாஸ்டர் பேரைப் பாத்தேன்டா, சந்தோசம். ஆனா அந்த மெஷின்ல முட்டியைப் பேத்துக்கிட்டவன் நான்தானே. எம் பேரு எங்க?"

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு முன்னால் என் பெயரின் மேல் வைட்னர் தடவி, காய்ந்ததும் அந்த இடத்தில் காக்காவின் பெயரை எழுதினேன். என் பெயர் அவருக்குக் கீழே போனது. மாஸ்டருக்கு மேலே இருந்த புள்ளிகளை அப்படியே விட்டு, மாஸ்டரிலிருந்து காக்காவுக்கும், காக்காவிலிருந்து எனக்கும் ஸ்கேல் வைத்து முழுக்கோடு போட்டேன்.