மிஸ்டர் ஹெய்க் ஆண்கள் பக்கம் வந்த வெள்ளிக்கிழமை

கிளிஃபோர்டு ஹெய்க்குக்கு நாற்பத்து நான்கு வயது. வீடு வீடாகப் போய் மாடிப்படிக்கு அடியிலிருக்கும் கேஸ் மீட்டரைப் பார்ப்பது வேலை. யார்க்‌ஷயரின் அந்த ஆலை ஊரில் எந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் என்ன ஒளிந்திருக்கிறது என்பது பாதிரியாரைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். கல்யாணம் ஆகவில்லை. கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான்: யார் எதைக் கேட்டாலும் சரி என்றுவிடுவார். நாய் என்றாலே தும்முகிற மனிதர் வீட்டில், அடுத்தவர்கள் கொண்டுவந்து விட்ட இரண்டு நாய்கள் வளர்ந்தது அப்படித்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் பெண்ணாக ஆனதும் அப்படித்தான்.

வெள்ளி மாலை தேவாலய மண்டபத்தில் விஸ்ட் சீட்டாட்டம். மேஜைக்கு நான்கு பேர். எதிரெதிரே உட்காரும் ஆணும் பெண்ணும் ஒரு ஜோடி. ஆட்டத்துக்கு ஆட்டம் மேஜை மாறும், ஜோடியும் மாறும். இளம்பெண்களெல்லாம் நடனத்துக்கு ஓடிவிடுவதால் பெண்கள் பக்கம் எப்போதும் ஒரு தலை குறையும். அந்தக் குறைக்கு யாராவது ஓர் ஆண், கையில் ரோஸ் நாடா கட்டிக்கொண்டு பெண்கள் கணக்கில் ஆட வேண்டும். ஆட்டத்தை நடத்தும் ஹெர்பர்ட் பாட்டம்லி நாடாவோடு வாசலிலேயே நிற்பார். கிளிஃபோர்டு கோட்டைக் கழற்றும் முன்பே நாடா ஏறிவிடும். மூன்று வருஷம் இப்படி.

இதில் அவமானம் ஒன்றுமில்லை. தொல்லை வேறு. கூட்டுறவுக் கடையில் தொப்பி விற்கும் நோரா சக்டனும் அங்கே ஆட வருவார். கணவர் போரில் இறந்துபோனார். யோசிக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வார். அந்த உதட்டுக்காகவே கிளிஃபோர்டு மழையிலும் வந்தார். ஒரே ஒரு ஆட்டம் அவரோடு ஜோடியாக உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் பெண்ணுக்குப் பெண் ஜோடி கிடையாதே. நாடா கட்டியவர் நோராவுக்குப் பக்கத்து நாற்காலியில் எதிரணியாக உட்காரலாம், அவரைத் தோற்கடிக்கலாம். கிளிஃபோர்டு நன்றாக ஆடுகிறவர். தோற்கடித்துக்கொண்டே இருந்தார்.

போர்க்கால ரேஷனிலிருந்து டீ ஒருவழியாக விடுபட்ட அந்த அக்டோபரில், ஒரு வாரம் முழுக்க மாடிப்படிகளுக்கு அடியில் குனிந்து மீட்டர்களிடம் “முடியாது” என்று சொல்லிப் பழகினார். மீட்டர்கள் எதிர்த்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை பாட்டம்லி நாடாவை நீட்டினார்.

“இன்னிக்கு நான் ஆம்பளையாவே ஆடுறேன்” என்றார் கிளிஃபோர்டு.

பாட்டம்லி அவரை மேலும் கீழும் பார்த்தார். “என்னப்பா கிளிஃப், காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?”

வேறு ஆளைத் தேடிப் பார்த்தார். ஆண்கள் எல்லோருக்கும் திடீரென்று கூரையில் ஏதோ தெரிந்தது. கடைசியில் கட்டை மீசைக்காரரான பாட்டம்லியே நாடாவைத் தன் கையில் கட்டிக்கொண்டார். கேலி அவர் பக்கம் போனது.

மூன்றாவது ஆட்டத்தில், ஏழாவது மேஜையில், எதிரே நோரா. துருப்பு கிளாவர். நோரா இஸ்பேட் ஏஸை இறக்கினார். அந்தச் சுற்றின் பிடி அவர்கள் ஜோடிக்கே என்பது குழந்தைக்கும் தெரியும். கிளிஃபோர்டு கையில் இஸ்பேட் இல்லை. உதவாத சீட்டு எதையாவது போட்டால் போதும். போட்டது துருப்பு. சொந்த ஜோடியின் ஏஸையே வெட்டினார்.

அந்த ஊரில் இப்படி ஒரு தப்புக்குப் பிறகு கணவனும் மனைவியும் ஞாயிறு மதியம்வரை பேசிக்கொள்ளாத வீடுகள் உண்டு. பக்கத்து மேஜைகூட நின்றுபோனது. நோரா உதட்டைக்கூடக் கடிக்கவில்லை. பதின்மூன்றில் நான்கு பிடி எடுத்துத் தோற்றார்கள்.

டீக்கு மணி அடித்ததும் கிளிஃபோர்டு கோட்டு மாட்டும் மூலைக்குப் போனார். இனிமேல் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஒரு கை கோட்டுக்குள் போயிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

“மிஸ்டர் ஹெய்க், என் ஏஸை ஏன் வெட்டினீங்க?”

சீட்டு மாறிவிழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடி மங்கல் என்றும் சொல்லியிருக்கலாம். அவருக்கு வந்தது உண்மை.

“சீட்டைப் பாக்கல. உங்களைப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

நோரா கையிலிருந்த கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

“அப்பாடா. மூணு வருஷமா என் பக்கத்துல உக்காந்து, சிரிக்கக்கூட சிரிக்காம, என்னை மட்டும் குறிவச்சுத் தோக்கடிக்கிறீங்களே. இந்த மனுஷனுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்னு வீட்டுக்குப் போய் யோசிப்பேன். ஒரு தொப்பியை மோசமா வித்துட்டேனோன்னுகூட நெனச்சேன்.”

“நான் தொப்பியே வாங்கலியே.”

“அதான் எனக்குப் புரியவே இல்ல.”

இருவரும் சிரித்த சிரிப்பில் கோட்டு மாட்டியிருந்த கம்பி ஆடியது. அதற்குள் பாட்டம்லி அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்.

“ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு டீக்கு வா, கிளிஃப்” என்றார் நோரா, போகிற போக்கில். “சீட்டுக்கட்டு மட்டும் கொண்டு வராதே.”

கிளிஃபோர்டு கோட்டிலிருந்து கையை உருவினார். மதியத்திலிருந்து பயத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நின்றபடியே மூன்று இறைச்சி சாண்ட்விச்சுகளை உள்ளே தள்ளிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, எட்டாவது மேஜைக்குத் தோற்கப் போனார்.