டீ குடிக்கும் துப்பறிவாளர்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். சித்தி வீட்டு வாசலில் நான் முதலில் பார்த்தது ஒரு டீ டம்ளரை. படிக்கட்டின் ஓரத்தில், விளிம்பு வரை டீயோடு இருந்தது. மேலே ஆடை படிந்து, குளிர்காற்றில் சுருங்கிப் போயிருந்தது. சித்தப்பா வேலைக்குப் போய் வீடு திரும்பாத இரண்டாம் நாள் அது. விசாரிக்க வந்த ஏட்டு சற்று முன்புதான் கிளம்பிப் போயிருந்தார். "உள்ளாறகூட வல்லீங் கண்ணு," என்றார் சித்தி. "வாசல்லயே நின்னுட்டு, குடிப்பாரா, வேற பொம்பள சகவாசம் இருக்குதான்னு கேட்டாரு. அதெல்லாம் இல்லீங்கன்னேன். டீ ஆறுதுங்கன்னேன். வேலை கெடக்குதும்மான்னுட்டுப் போயிட்டாரு." அந்த டம்ளரைச் சித்தி எடுக்கவில்லை. நான்தான் எடுத்து முற்றத்தில் கொட்டினேன்.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. மஞ்சூருக்குப் போகும் வழியில் ஒரு டீ பேக்டரியில் வேலை. பேக்டரிக்குப் பின்னால் தொழிலாளர் லைனில் வீடு. சித்தப்பா அணைக்கட்டுப் பக்கம் காண்டிராக்ட் வேலைக்குப் போய்வந்தார். குழந்தைகள் இல்லை. காணாமல்போன அன்று காலை தூக்குப்போசியில் தக்காளிச் சோற்றை வாங்கிக்கொண்டு, வழக்கமான பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கிறார். அந்த பஸ்ஸில் அவர் ஏறவே இல்லை என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது. வேலைக்கென்று கிளம்பியவர் பஸ்ஸில் ஏறவில்லை என்றால், வேறு எங்கோ போக முடிவு செய்திருக்கிறார். லைனில் இருந்தவர்கள் மீதியைச் சேர்த்துக்கொண்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பாலக்காட்டில், கூட ஒரு பெண்ணோடு, என்றார் இன்னொருவர். நான் குன்னூரில் ஒரு நாளிதழின் செய்தியாளன். 'தொழிலாளி மாயம்' என்று ஐந்து வரி எழுதினேன். அதற்கு மேல் எழுத அதில் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி வீட்டுக்குப் போவது எனக்குப் பழக்கமாயிற்று. பெரும்பாலும் டிவியில் ஏதாவது ஒரு மர்மப் படம் ஓடும். மலையாளத்திலிருந்து தமிழுக்குக் குரல் மாற்றிய படங்களில் ஒரு துப்பறிவாளர் வருவார். ஒரே ஆள், மூன்று நான்கு படங்கள். நடுத்தர வயது, லேசான தொப்பை, சண்டை தெரியாது, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போகும். சித்தி அவரை 'நம்மாளு' என்பார். மழைக்காலத்தில் கரண்ட் போய்விட்டால், நான் என் போனில் அதே படத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதை ஒரு டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்ப்பார்.

இப்படிப்பட்ட துப்பறிவாளர்களை நமக்கு ஏன் பிடிக்கிறது என்று எங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முறை எழுதினேன். கலைந்து கிடக்கும் உலகத்தை ஒரு மனிதன் அறிவால் அடுக்கிவைக்கிறான், தப்பு செய்தவன் கடைசியில் மாட்டிக்கொள்கிறான், அந்த நிம்மதிக்காகத்தான் பார்க்கிறோம் என்று எழுதியதாக நினைவு. சித்தி படம் பார்த்த விதத்துக்கு அது பொருந்தவில்லை. கொலைகாரனைப் பிடிக்கும் கட்டத்தில் அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அது வேடிக்கை.

"ஏனுங்க்கா, ரெண்டு மணி நேரம் கண்ணு கொட்டாம பாத்துப்போட்டு, அவன புடிக்கறப்ப எந்திரிச்சுப் போறீங்களே! காசு குடுத்துப் பாத்திருந்தா தெரியும்."

"அவன புடிச்சு எனக்கென்னடி ஆகப்போகுது? நீயே புடிச்சுக் கட்டி வையி. அந்தம்மா ஊட்டுக்கு நம்மாளு வருவாரில்ல, அப்பக் கூப்புடு."

எல்லாம் முடிந்தபின் அந்தத் துப்பறிவாளர் இறந்தவரின் வீட்டுக்கு ஒரு முறை திரும்பி வருவார். எல்லாப் படத்திலும் அந்தக் காட்சி உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருவார். அந்த வீட்டுப் பெண் கொடுக்கும் டீயைக் குடிப்பார். பிறகு, நடந்தது என்ன என்று மெதுவாகச் சொல்வார். சித்தி கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்று அதைப் பார்ப்பார். "அறிவு ஆருக்கு இல்ல கண்ணு," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். "கேட்டுட்டுப் போனவரு திரும்ப வந்து சொல்றாரு பாரு. அதுதான்."

எட்டு வருடம் சித்தி தாலியைக் கழற்றவும் இல்லை, பொட்டை மாற்றவும் இல்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதை மட்டும் விட்டுவிட்டார். குங்குமத் தட்டை நீட்டுவதா வேண்டாமா என்று மற்றவர்கள் ஒரு கணம் தயங்குவதைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்றார்.

பழைய வழக்குகளைப் பார்க்க ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்தது ஒன்பதாவது வருடத்தில். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஒவ்வொரு வளைவுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்ததாகச் சொல்லி, ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நானும் அங்கே இருந்தேன். சித்தி கொடுத்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

"ஒரு சந்தேகம்மா. எனக்கு இந்த ஊரு புதுசு, சிரிக்காதீங்க. அவருக்கு பஸ் தப்பிப்போச்சுன்னா என்ன செய்வாரு?"

"தப்பாதுங்க," என்றார் சித்தி. "குறுக்கால எறங்கி ஓடி, கீழ் வளைவுல புடிச்சுக்குவாருங்க. எல்லாரும் அப்பிடித்தானுங்களே."

சொல்லிவிட்டுச் சித்தி என்னைப் பார்த்தார். நான் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் பஸ் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு இறங்க நேரமாகும். மேலே பஸ்ஸை விட்டவர்கள் தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே செங்குத்தாக இறங்கும் ஒற்றையடித் தடத்தில் ஓடி, அடுத்த வளைவில் கை காட்டி ஏறிக்கொள்வார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்களும் ஓடுவார்கள். டிரைவர்களும் அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பார்கள். நானும் எத்தனையோ முறை ஓடியிருக்கிறேன். சித்தப்பா பஸ்ஸில் ஏறவில்லை என்றபோது, ஏற ஓடியிருக்கலாம் என்று லைனில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாரும் தகவலாகச் சொல்வதில்லை. அணையிலும் பஸ் நிலையங்களிலும் தேடினோம். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தேடவில்லை. படங்களில் வரும் துப்பறிவாளர் எப்போதும் வெளியூர்க்காரராக இருப்பது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. கேட்கவே வேண்டாம் என்று ஊர் ஒதுக்கிவைத்த கேள்விகள் எவை என்று அவருக்குத் தெரியாது.

சித்தப்பா காணாமல்போன வருட மழையில் பழைய தடத்தின் ஒரு பகுதி சரிந்ததும், ஆட்கள் தள்ளி வேறு தடம் போட்டுக்கொண்டதும் லைனில் பலருக்கு நினைவிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வனத்துறை ஆட்கள் நால்வரோடு சரிவில் இறங்கினார். நானும் போனேன். முள்ளை வெட்டி வழி செய்து, சரிந்த இடத்துக்கு நேர் கீழே ஓடைப் பள்ளத்தை அடைந்தபோது மதியமாகிவிட்டது. பாறை மறைவில் எலும்புகள் இருந்தன. தொடை எலும்பு முறிந்திருந்தது. கை எட்டும் தூரத்தில் எவர்சில்வர் தூக்குப்போசி நிமிர்ந்து நின்றது. கழுத்தருகே சித்தியின் பெயரின் முதல் எழுத்தும் சித்தப்பாவின் முதல் எழுத்தும் வெட்டியிருந்தன, கல்யாணச் சீர். அதன் மூடி பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லின் மேல் மல்லாத்தி வைத்திருந்தது. மூடிக்குள் மழைத்தண்ணீரும் இரண்டு இலைகளும் கிடந்தன. சப்-இன்ஸ்பெக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தார். மேலே, சாலையில், ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவு திரும்புவது தெளிவாகக் கேட்டது.

எலும்புகள் பரிசோதனைக்குப் போயின. சித்தப்பாவின் அண்ணனிடம் ரத்தம் எடுத்தார்கள். அவர்தான் என்று முடிவு வந்த அன்று பிற்பகலில் சப்-இன்ஸ்பெக்டர் திரும்ப வந்தார். போனில் சொல்லியிருக்கலாம். ஷூவைக் கழற்றிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தி டீ போட்டுக் கொடுத்தார். நடந்ததை அவர் வரிசையாகச் சொன்னார்: பஸ் தவறியது, குறுக்கே இறங்கியது, ஈர மண் சரிந்தது. யாருடைய தப்பும் இல்லை. எங்கும் ஓடிப்போகவில்லை. வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்.

சித்தி அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"போசி மூடி இருந்துச்சுங்களா, தொறந்து கெடந்துச்சுங்களா?"

சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பவில்லை.

"மூடித்தாம்மா இருந்துச்சு. இறுக்கமா."

"அப்ப சோத்த திங்கவே இல்லீங்."

"இல்லம்மா. விழுந்ததுமே முடிஞ்சிருக்கும்."

சித்தி சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பசியோட போனாலும் பரவால்லீங். கெடந்து கூப்புட்டிருப்பாரோன்னுதான் இருந்துச்சு. பேக்டரி ஓடற சத்தத்துல நமக்கு என்ன கேக்கும்?"

அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். செய்ய வேண்டியவற்றைச் செய்தார்கள். அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் அந்தத் துப்பறிவாளர் வந்தால், சித்தி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடைசிக் காட்சிக்குத் தன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை.

முடிவைச் சொல்ல வந்த அன்று சப்-இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது நான் வாசல் வரை போனேன். அவர் படியில் உட்கார்ந்து ஷூவின் நாடாவை முடிந்தார். ஜீப் வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் டம்ளர் இருந்தது. அதில் டீ இல்லை.