பக்கத்து நெரை

கலஹாவில் பேராதனை பஸ் கிளம்பக் காத்து நிற்கிறது. தூறல் கண்ணாடியில் வழிகிறது. என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கலாம். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரலால் போனைத் தட்டி, ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். பேட்டரியில் ஓடும் கொழுந்து வெட்டும் மெஷின் அதில் உறுமுகிறது.

நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு அவரே சொல்கிறார்.

"மெஷின் பரீட்சைங்க. போன வாரம் பெயிலாக்கிட்டாங்க. இப்ப மறுபடியும் அதுக்குத்தான் போறேன். இன்னைக்கும் போச்சுன்னா புல்லு வெட்டத்தான் அனுப்புவாங்க."

"மெஷின் பாரமா?"

"அதெல்லாம் இல்லீங்க. ஆளுக்கு ஒரு நெரை, ஒரு வரிசை தேயிலை குடுத்தாங்க. என் நெரைய மொத ஆளா முடிச்சிட்டேன். பக்கத்து நெரையில சரசு பின்னுக்கு நின்னா. கையால பறிக்கிறப்ப செய்றது மாதிரியே, திரும்பிப் போய் அவளுக்கும் வெட்டிக் குடுத்தேன். அவங்கவங்க வேகத்தத் தனியாப் பாக்கணுமாம். பரீட்சை வச்சவரு ரெண்டு பேரையும் பெயிலாக்கிட்டாரு."

பரீட்சை வைத்தவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. நான் இங்கே உட்கார்ந்து கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

"இன்னைக்கு மட்டும் திரும்பிப் பாக்காதீங்கம்மா," என்கிறேன்.

"இல்லீங்க, பாக்கவே மாட்டேன்." பலமாகத் தலையாட்டுகிறார்.

டிரைவர் எஞ்சினைக் கிளப்புகிறார். அம்மா சட்டென்று எழுந்து, போனை என் மடியில் போட்டுவிட்டு, வாசலுக்கு ஓடி மிதிபலகையில் நின்று பின்னால் பார்க்கிறார்.

"அண்ணே, எடுத்துறாதீங்க! சரசு வந்துக்கிட்டிருக்கா!"