பச்சைக் குப்பி

கொடைக்கானல் பஜாரில் வர்ணப்பொடி விற்ற ராவுத்தருக்கு ஒட்டிய கன்னம், வெள்ளைத் தாடி, கழுத்தில் எப்போதும் ஒரு கம்பளித் துண்டு. பச்சைக் குப்பியை மட்டும் அந்தத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் திறப்பார்.

நான் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். பியூன் இவரிடம் வாங்கிவந்திருந்த பச்சை வகுப்பில் தீரப்போகிறது என்று, பிள்ளைகளை வரையவிட்டு ஓடிவந்திருந்தேன்.

“கெட்டிக் கலரு வாத்தியாரே. கடுகளவு தொட்டுத் தண்ணிய நெறைய விடுங்க. காஞ்சா நெறம் மாறும், துண்டுக் காகிதத்துல போட்டுப் பாத்துக்குங்க” என்றார்.

பிரஷ்ஷில் தொட்டு ஒரு கோடு இழுத்தேன். நுனி பிரிந்தது. வழக்கம்போல் உதட்டில் வைத்துக் கூராக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

“அது பாஷாணம் கலந்ததுங்க!”

பிறகு மெதுவாகக் கேட்டார்: “பிள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்லிக்குடுத்தீங்களா?”

ஆமென்று தலையாட்டினேன். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு அவர் பள்ளிக்கூடத்தை நோக்கி மூடுபனிக்குள் ஓடினார்; தினமும் அந்த வழியில் நடக்கும் நான் அவரைப் பிடிக்க முடியாமல் பின்னால் ஓடினேன். வகுப்புக் கதவைத் தள்ளியதும் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். உதடெல்லாம் பச்சை.

ஒவ்வொரு வாயையும் அவரே கழுவினார். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கழுவி முடிக்கும்வரை ஒரு பெண்குழந்தையின் பெயரைச் சொல்லியே எல்லோரையும் கூப்பிட்டார்.

என் வகுப்பில் அந்தப் பெயரில் யாருமில்லை.