இருதயமேரி கொண்டுவந்த மருந்து

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப்பக்கம் புதிதாக எழும்பிய கோதை நகரில்தான் நான் குடியிருக்கிறேன். எங்கள் வீடுகளுக்குக் கொசுப்புழு பார்க்க மாநகராட்சியிலிருந்து வாரம் ஒருமுறை வருபவர் இருதயமேரி. பாலக்கரைக்காரர், நாற்பத்தாறு வயது. கணவர் காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் மூட்டை இறக்குகிறார். ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலையில் இருக்கும் இருதயமேரியை எங்கள் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. டெங்கு அக்கா என்றால்தான் தெரியும்.

சிலர் கதவைத் திறக்கமாட்டார்கள். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, பக்கத்து நாலு வீட்டுக்கும் கேட்கிற குரலில், "சார், உங்க வீட்ல யாருக்கோ காய்ச்சல்னு பேசிக்கிறாங்களே, நெஜமாங்களா?" என்பார். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறப்பதற்குள் இந்த வீட்டுக் கதவு திறந்துவிடும்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டில் ஒருமுறை புழுக்களைக் கண்டுபிடித்தார். சின்னக் கண்ணாடிக் குப்பியில் அவற்றை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இன்னும் ஒரு வாரத்துல பெரியவங்களாயிடுவாங்க சார். பேர் வைக்கிறதா இருந்தா இப்பவே வச்சிடுங்க."

எங்கள் நகரின் நடுவில் ஒரு குட்டை உண்டு. அரை ஏக்கர்கூட இராது. அப்போது கரையெல்லாம் சம்புப் புல்லும் கோரையும் மண்டிக் கிடக்கும். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், ஓரத்தில் இலைகள் அழுகிக்கொண்டிருக்கும். மனை வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "இத மூடிடுவாங்கல்ல?"

இருதயமேரி அந்தக் குட்டையிலும் நீளப்பிடி அகப்பையால் வாரத்துக்கு இருபது முறை மொண்டு பார்ப்பார். நாலு வருடத்தில் மொத்தமாக அகப்பட்ட கொசுப்புழு ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். பளபளவென்றிருக்கும் வீடுகளில் குடம் குடமாகப் புழு, இந்த அழுக்குக் குட்டையில் ஒன்றுமில்லை. இது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

பதில் சொல்ல ஆள் கிடைத்தது குட்டைக் கரையிலேயேதான். கலைமதி, கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர். நீர்நிலைகளைப் பற்றிய ஆய்வுக்காக வலையும் வெள்ளைத் தட்டுமாக வந்து சேற்றில் இறங்கி நின்றார். தட்டில் ஊர்ந்த, ஆறு கால் உள்ள அசிங்கமான ஒரு பூச்சியைக் காட்டி, "இதுதான் தட்டானோட குஞ்சு. பறக்கறதுக்கு முன்னாடி மாசக்கணக்கா தண்ணிக்குள்ளதான் இருக்கும். இதுக்குக் கொசுப்புழுன்னா உயிர்" என்றார். இருதயமேரி பதிலுக்கு, உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் ஒரு சிறு மீனைக் காட்டினார். அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பதை அவர் தாமாகவே கவனித்து வைத்திருந்தார்.

இலை விழுகிறது, அழுகுகிறது. அழுகலை நுண்ணுயிர் தின்கிறது, அதைப் புழு தின்கிறது, புழுவைப் பூச்சியும் மீனும், அவற்றைத் தவளையும் கொக்கும். எது செத்தாலும் மறுபடி சேற்றுக்குத்தான். கலைமதி அரை மணி நேரம் விளக்கினார். கேட்டு முடித்த இருதயமேரி, "அப்ப இது ஒரு மெஸ்ஸுன்னு சொல்லுங்க. கொசுப்புழு அதுல டிபன்" என்றார். கலைமதி இப்போது வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறாராம்.

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் ரங்கநாதன். கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கே வீடு கட்டியவர். நேர்கோடு என்றால் அவருக்குப் பிடிக்கும். தீபாவளி முடிந்ததும் சங்கக் கூட்டத்தில் குட்டைக்கு ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். நாலு பக்கமும் கல் பதித்த சரிவு, நடுவில் நீரூற்று, சுற்றிலும் நடைபாதை. எல்லோரும் கை தட்டினோம், நான் உள்பட.

விஷயம் காதுக்கு எட்டியதும் இருதயமேரி அவர் வீட்டுக்கே போனார்.

"சார், பாதிய மட்டும் இந்த வருஷம் செய்ங்க. மீதிய அடுத்த வருஷம் பாக்கலாம். உள்ள இருக்கறதெல்லாம் அந்தப் பக்கம் ஒதுங்கிப் பொழச்சுக்கும்."

"உள்ள என்னம்மா இருக்கு? குப்பைதான் இருக்கு. நீ தொட்டியப் பாரு, குட்டைய நாங்க பாத்துக்கறோம்."

மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்ததும் ஜேசிபி வந்தது. இரண்டே நாளில் சம்பும் சேறும் லாரியில் ஏறின. வற்றிய அடிமண்ணில் பொட்டு மீன்கள் துள்ளின. கொக்குகளும் காக்கைகளும் மூன்று நாள் விருந்து சாப்பிட்டன. இருதயமேரி தூக்குவாளியில் இருந்த மதியச் சோற்றை அங்கே நின்ற நாய்க்குப் போட்டுவிட்டு, வாளியில் மீன்களை அள்ளிக்கொண்டு பக்கத்து வாய்க்காலுக்கும் குட்டைக்குமாக ஆறு நடை நடந்தார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

போர்த் தண்ணீர் நிரப்பி, பிளீச்சிங் பவுடர் தூவி, நீரூற்றைத் திறந்து வைத்தார்கள். ஒன்பதாம் நாள் அதன் மோட்டார் புகைந்தது. மூன்றாம் வாரம் கொசு வந்தது. சாயங்காலம் நடைபாதையில் நடந்தவர்கள் கைதட்டிக்கொண்டே நடந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பஜனை கோஷ்டி மாதிரி இருக்கும்.

இருதயமேரி அகப்பையை விட்டுப் பார்த்தார். முதல் மொள்ளலிலேயே முப்பது புழு. கலைமதியும் வந்து பார்த்தார். "கொசு எங்க புதுத் தண்ணி கெடைச்சாலும் மொத ஆளா வந்துடும். அதத் திங்கறது வந்து குடியேறத்தான் மாசக்கணக்காகும். நடுவுல கேக்க ஆளில்ல" என்றார்.

புகை மருந்து அடிக்கச் சொல்லி ரங்கநாதன் மாநகராட்சிக்கு மனு எழுதினார். இரண்டு முறை அடித்தார்கள். மறுநாள் காலை மதில் ஓரங்களில், எங்கிருந்தோ அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த தட்டான்கள் செத்துக் கிடந்தன. கொசு நான்கே நாளில் திரும்பியது.

அடுத்த வாரம் இருதயமேரி மிகப் பணிவாக ரங்கநாதன் முன்னால் போய் நின்றார். கையில் எவர்சில்வர் கேன். அதன் மேல் அச்சடித்த காகிதம் ஒட்டியிருந்தது: உயிரி கட்டுப்பாட்டு முகவர், கலவை எண் மூன்று.

"சார், புதுசா ஒரு மருந்து. சோதனைக்கு ஒரு எடம் தேவைப்படுது. பொறுப்பான தலைவர் இருக்கற எடமா இருந்தா நல்லதுன்னு காலேஜ் மேடம் சொன்னாங்க. உங்க பேரத்தான் சொன்னேன்."

ரங்கநாதன் காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணை. தொண்ணூறு நாள் வரை பிளீச்சிங், சுண்ணாம்பு, புகை கூடாது. பக்க விளைவுகள்: ஓரங்களில் புல் முளைக்கலாம், இரவில் சத்தம் கேட்கலாம், தண்ணீர் சற்றே நிறம் மாறலாம். இவற்றை அகற்றினால் மருந்து முறியும்.

ஒரு வரி கூடப் பொய்யில்லை என்று கலைமதி பின்னால் சத்தியம் செய்தார். தட்டச்சு செய்தது அவர்தான். கேனுக்குள் இருந்ததோ வாய்க்கால் சேறு. அதில் தட்டான் குஞ்சு, நத்தை, தவளை, நீர்ப்பூச்சி, சம்பின் கிழங்குத் துண்டு, பொட்டு மீன் எல்லாம் இருந்தன. கொசுப்புழு தின்பதற்காக மாநகராட்சி அலுவலகத் தொட்டியில் வளர்க்கும் வெளிநாட்டு மீனைப் போட்டால் என்ன என்று இருதயமேரி கேட்டபோது கலைமதி மறுத்துவிட்டார். அது தவளைக் குஞ்சுகளையும் விட்டுவைக்காது, இந்த மண்ணின் மீன்களையும் விரட்டிவிடும் என்றார்.

தொடக்க விழா ஞாயிறு காலை நடந்தது. ரங்கநாதன் ரப்பர் கையுறை, முகக்கவசம் அணிந்து, கேனிலிருந்து நிரப்பிய முதல் வாளியைக் கலங்காமல் ஊற்றினார். படம் எடுத்து உடனே வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். "கொஞ்சம் வாடை அடிக்குதே" என்று யாரோ கேட்டார்கள். "வீரியம் அப்படி" என்றார் இருதயமேரி.

மூன்று தவணையும் முடிந்தது. பக்க விளைவுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. கல்லிடுக்கில் கோரை முளைத்ததும் பிடுங்கப் போன தோட்டக்காரரை ரங்கநாதனே தடுத்தார். "மருந்து வேலை செய்யறது, தொடாதே." தவளைச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புகார் சொன்னவருக்கு, காகிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் மாதம் இருபது மொள்ளலில் நாலே புழு. கைதட்டாமல் நடக்க முடிந்தது.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. படத்தைப் பார்த்த பக்கத்து வார்டுக்காரர்கள், கலவை எண் மூன்று எங்களுக்கும் வேண்டும் என்று மனுக் கொடுத்துவிட்டார்கள். சுகாதார ஆய்வாளர் மன்சூர் இருதயமேரியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"என்னம்மா மருந்து அது? நம்ம ஸ்டாக்லயே இல்லையே."

ஒப்பந்த வேலை, ஒரு வார்த்தையில் போய்விடும். இருதயமேரிக்கு அது தெரியும். ஆனாலும் உள்ளதை அப்படியே சொல்லி, வாரவாரம் குட்டையின் புழுக் கணக்கை எழுதி வைத்திருந்த நோட்டை நீட்டினார். மன்சூர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஜேசிபிக்கு முன், பின், மருந்துக்குப் பின். கடைசியில், "தலைவருக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது, ஆனால் தாமே போய்ச் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார் இருதயமேரி. ரங்கநாதன் வீட்டு வாசலில் நின்று முழுவதையும் ஒப்பித்தார். அப்போது நானும் அங்கே இருந்தேன். ரங்கநாதன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொத வாளியிலயே ஒரு தவளை என் கையுறை மேல வந்து உக்காந்துதும்மா."

"அப்பவே கேட்டிருக்கலாமே சார்?"

"எப்படிக் கேக்கறது? போட்டோ குரூப்ல போயிடுத்து."

இருதயமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. ரங்கநாதன் உள்ளே திரும்பி, மூன்று காபி கேட்டார்.

மன்சூர் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். மருந்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டார். இப்போது எங்கள் வார்டில் எந்தக் குட்டையைத் தூர்வாரினாலும் பாதி இந்த வருடம், பாதி அடுத்த வருடம். கரைச் செடியில் கால் பங்கையாவது விட்டுவைக்க வேண்டும். இருதயமேரியின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் புதிதாகச் சேரும் பணியாளர்களை முதல் நாள் அவரோடுதான் அனுப்புகிறார்கள். போன மாதம் நாலு பெண்களைச் சேற்றில் இறக்கி நிற்க வைத்திருந்தார். பொட்டு மீன் உரச, ஒருத்தி கால் கூசுகிறது என்று அலறினாள்.

"பயப்படாத கண்ணு" என்றார் இருதயமேரி. "கடிக்காது. நீ யாருன்னு பாக்குது, அவ்வளவுதான்."