வாடகைத் தேடலா, சொந்தத் தேடலா?

ஓசூரில் நாங்கள் நடத்தும் சிறு நூலகத்தின் இணையதளத்தில், புத்தகம் தேடும் வசதி அடிக்கடி நின்றுவிடுகிறது. என்ன செய்வது என்று இன்று கூடிப் பேசினோம்.

வெளி நிறுவனத்தின் தேடல் சேவையை வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். வாடகை வீட்டில் குழாய் உடைந்தால் ஓனரைக் கூப்பிடலாம், அதுபோல.

"வேணாம் சார். போட்டுப் பாத்தோமில்ல? கன்னடப் புத்தகம் ஒண்ணுகூட அதுல வரல. நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார், தொழிற்சாலை வேலைக்கு இடையே இப்போதுள்ள தேடலை அமைத்துத் தந்த முருகேசன்.

"நீங்க ஷிப்ட்ல இருக்கறப்ப நின்னுபோச்சுன்னா?" என்றேன்.

"கேட்லயே போனை வாங்கி வெச்சுக்கறாங்க சார். வெளிய வந்தாத்தான் தெரியும்."

அப்போது கர்நாடக எல்லையோர ஜவளகிரியிலிருந்து இங்கே வேலைக்கு வரும் மஞ்சுளா, வாசலில் நின்ற கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே வந்து, உறுப்பினர் அட்டையை மேசையில் வைத்தார்.

"புத்தகம் இருக்குன்னு போன்ல தெரிஞ்சாத்தான் சார் கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்க முடியும். மூணு வாரமா மகளுக்குக் கன்னட இலக்கணப் புத்தகம் தேடறேன், ஒண்ணும் வரல. மக பரிச்சையே முடிஞ்சுபோச்சு. இனி இந்தக் கார்டு எதுக்கு?"

அவர் தேடிய புத்தகம் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. எடுத்துத் திரும்புவதற்குள் அவர் ஏறிய பஸ் கிளம்பிவிட்டது.

முடிவெடுக்காமலே கலைந்தோம். வாடகையா, சொந்தமா, உங்கள் யோசனையை எழுதுங்கள். தேடுகிறவர் யாராவது மிச்சம் இருக்கும்போதே எழுதினால் நல்லது.