பிரிஸில்லாவின் மன்றாட்டு

மந்தைவெளியில் ஆட்டோ ஓட்டும் ராஜநாயகத்துக்குத் தன் பங்குக் கோயில்மேல் ஆறு வருடக் கோபம். மகள் பிரிஸில்லா மேலண்ணம் பிளந்து பிறந்தவள். ஆபரேஷன் செய்தும் பேச்சு மூக்கு வழியாகத்தான் வரும். அதனால் சிறுவர் திருப்பலியில் அவளுக்கு மெழுகுவர்த்தி பிடிக்கிற வேலைதான், வாசிக்க விட்டதே இல்லை. கடை கண்ணியில் அவள் எதைக் கேட்டாலும் ராஜநாயகமே முந்திக்கொண்டு திருப்பிச் சொல்லிவிடுவார்.

போன ஞாயிறு அவளே, பிள்ளைகளுக்கு வாசிப்பு பிரித்துக் கொடுக்கும் கிளாடிஸ் டீச்சரிடம் கேட்டு, பூசையில் வாசிக்கும் மன்றாட்டு ஜெபங்களில் ஒன்றை வாங்கிக்கொண்டாள். மைக் முன் நின்று முதல் வரியைப் படித்தாள். பழக்கதோஷம், ராஜநாயகம் பெஞ்சிலிருந்து அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

"யோவ், எங்களுக்கும் காது கீது, கேக்குதுயா," என்றார் பக்கத்திலிருந்த ஜேக்கப்.

பிரிஸில்லா அப்பா வாயை மூடும்வரை காத்திருந்தாள். பிறகு முதலிலிருந்து, அவசரமே இல்லாமல் படித்து முடித்தாள். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் மொத்தமும் ஒரே குரலில் அவளுக்குப் பதில் சொன்னது.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் சொன்னாள்: "நைனா, டிபன் கடையாண்ட நிறுத்து. வடை நான் கேட்டு வாங்கினு வரேன். நீ வண்டியிலயே குந்திக்கினு இரு."